நாலாவது கேள்வி

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். அப்பாவின் முட்டிவலி மட்டும் அவருக்கு முன்னால் எழுந்துவிடுகிறது. உன் உடம்பு எப்படி? போன் செய்தால் எடுக்க மாட்டாய். கிழித்துப் போடுவதற்காகவாவது கடிதத்தைப் பிரிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

ஏப்ரல் இருபதாம் தேதி ட்ராக் டே. தெருவில் ஓடும் வண்டிகளையே கொண்டுபோய்ப் பந்தயத் தடத்தில் ஒருநாள் முழுக்க ஓட்டிப் பார்க்கலாம். உனக்கு இதை விளக்குகிறேன் பார். பேர் கொடுத்துவிட்டேன். வண்டி, நம் நத்தை.

அதே நத்தைதான். அப்பாவின் டிரைவிங் ஸ்கூலில் பத்து வருஷம் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தது. பிறகு இரண்டு வருஷம் நீ ஞாயிறெல்லாம் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்தாய். நீ போன அன்று தார்ப்பாய் போட்டு மூடியது, ஏழு வருஷம் கழித்து இப்போதுதான் எடுத்தோம். பேட்டரி மாற்றியதும் இருமிக்கொண்டே கிளம்பிவிட்டது. அப்பா என் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். முன்பக்கத்து நசுங்கலைத் தட்டியெடுத்துச் சிவப்பு அடித்திருக்கிறேன். புது டயர்கள் உன் அறையில். வெயில் படாத அறை அது ஒன்றுதான்.

பட்டறைக்காரரிடம் காட்டினேன். "இது உங்க அக்கா கை வெச்ச வண்டிப்பா. எதை எப்ப மாத்துனான்னு அவளுக்குத்தான் தெரியும், அவளையே கேளு" என்றார். உன்னை வேலையை விட்டு அனுப்பியதே தான்தான் என்பது அவருக்கு மறந்துவிட்டது போல.

ஐந்து கேள்விகள்.

ஒன்று, வண்டியிலிருந்து எதையெல்லாம் கழற்ற வேண்டும்? சொல்லிக்கொடுப்பவர் பக்கத்து இரண்டாவது பெடல்கள் இன்னும் இருக்கின்றன.

இரண்டு, டயரில் காற்று எவ்வளவு?

மூன்று, இன்ஜின் ஆயில்?

நான்கு, பிரேக். புது பேட் நானே வீடியோ பார்த்துப் போட்டேன். பிரேக் ஆயில் டப்பாவில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் சரியாக நிற்கிறது. நிறம்தான் ஆறிப்போன டீ மாதிரி. அப்படியே விடலாம்தானே?

ஐந்து, நான் என்ன செய்ய வேண்டும்? கற்றுக்கொள்ள வருபவர்களுக்கு வண்டியை எப்படி மெதுவாக ஓட்டுவது என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

குளிரில் கம்பளி போட்டுக்கொள்.

உன் தம்பி


பிப்ரவரி 9

தம்பிக்கு,

உன் கடிதம் மூன்று வாரமாக மேசையில் இருந்தது. கிழிக்கவில்லை. சளி பிடித்திருந்தது, விட்டுவிட்டது. அப்பாவை முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்ளச் சொல்.

நான் அதே இடத்தில்தான். நாற்காலி செய்யும் தொழிற்சாலை. ஒரு கவருக்குப் பன்னிரண்டு திருகு. ஒன்று குறைந்தால் யார் வீட்டிலோ ஒரு நாற்காலி ஆடும். எண்ணிப் போடுகிறேன்.

ஒன்று. உருளக்கூடிய எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. மேட், ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர் பாட்டில், கண்ணாடியில் தொங்கும் பொம்மை. இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துழாவு. ஒரு பேனா போதும், வளைவில் உருண்டு வந்து காலுக்கு அடியில் நிற்கும். இரண்டாவது பெடல்களைக் கழற்றிவிடு. பக்கத்தில் யாரும் உட்காரப் போவதில்லை. வண்டி இளைக்கும்.

இரண்டு. வழக்கத்தைவிட மூன்று பவுண்ட் குறைவாக வைத்துக்கொண்டு போ. ஐந்தாறு சுற்றில் சூடாகித் தானே ஏறும். ஓட்டம் முடிந்து வந்ததும் நான்கையும் அளந்து குறித்துவை.

மூன்று. புதிது ஊற்று. மேல் கோடு வரை. நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும், குறைவாக இருந்தால் இன்ஜின் வறண்டு போகும்.

ஐந்து. முதல் நாள் நன்றாகத் தூங்கு. தடித்த அடி வைத்த ஷூ வேண்டாம், மெல்லியது போடு, காலுக்குச் செய்தி வர வேண்டும். ஸ்டியரிங்கை நெரிக்காதே. முதல் மூன்று சுற்று வேடிக்கை பார்க்க வந்தவன் மாதிரி போ. வளைவில் போய்ச்சேர வேண்டிய இடத்தைப் பார். பயப்படும் இடத்தைப் பார்த்தால் கை அங்கேதான் திருப்பும். சுற்று முடிந்து வெளியே வரும் முன், ஒரு முழுச் சுற்று வண்டியை ஆற விடு.

எல்லாம் படித்தது. நான் ஓட்டியதில்லை.

அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

சளி விட்டதில் சந்தோஷம். அப்பா ஒத்தடத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "அவ சொன்னாளா?" என்று மட்டும் கேட்டார். ராத்திரி பார்த்தால் அடுப்பில் வெந்நீர் கொதிக்கிறது.

உன் கடிதத்தை ஷெட்டில் ஒட்டிவைத்து ஒவ்வொன்றாகச் செய்கிறேன். இருக்கைக்கு அடியில் இரண்டு பேனா, ஒரு வளையல், யாரோ ஒரு மாணவியின் லைசென்ஸ் போட்டோ. அப்பா அதைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு ரிவர்ஸ்ல என் கேட்டை இடிச்சவ" என்றார்.

அவர் ரொம்ப உற்சாகமாக இருக்கிறார். ட்ராக்குக்கு ஆறு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறாராம். நன்றாக ஓட்டினால் மே மாதத்திலிருந்து ஸ்கூல் என் பொறுப்பு. பலகையில் பேர் மாற்றவும் ஆள் பார்த்தாயிற்று.

ஒரு விஷயம், நாலாவது கேள்விக்குப் பதில் இல்லை. மூன்றுக்குப் பிறகு நேரே ஐந்துக்குப் போய்விட்டாய். திருகை எண்ணுகிற ஆள் இதில் கோட்டைவிடலாமா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


மார்ச் 6

தம்பிக்கு,

நன்றாக இருக்கிறேன். நீங்களும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

நாலாவது விட்டுப்போகவில்லை. அதை நீ அப்பாவிடம் கேட்கலாம். ஏழு வருஷத்துக்கு முன்னால் அதைப்பற்றி அவரிடம் ஏதோ சொன்னாயே.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. மறுநாள் விடிகாலை நான் ட்ராக்குக்குக் கிளம்ப வேண்டும். வண்டிக் கதவில் வெள்ளை டேப்பால் 17 என்று ஒட்டியிருந்தேன். மாலை ஐந்து மணிக்கு நீ சாவியை எடுத்துக்கொண்டு போனாய், நண்பர்களுக்குக் காட்ட. ஐந்தே காலுக்குத் தெருக்கோடியில் தண்ணீர்த் தொட்டிச் சுவர். நீ என்ன சொன்னாய், அப்பா என்ன சொன்னார், பட்டறைக்காரர் மறுவாரம் என்ன சொன்னார், எல்லாம். "உன் கை பட்ட வண்டின்னா கஸ்டமர் வேண்டாங்கறாங்கம்மா."

யாரும் அந்தப் பெடலை ஒருதரம் மிதித்துக்கூடப் பார்க்கவில்லை.

நீ அப்பாவிடம் அதைச் சரிசெய்து சொல்லிவிட்டு எனக்கு எழுது. நாலாவதற்கு ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதுகிறேன்.

அக்கா


மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். அப்பாவுக்கும் முட்டி பரவாயில்லை, மாடி ஏறுகிறார்.

இதற்குத்தான் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாயா? விடுக்கா. எனக்குப் பத்தொன்பது வயசு. அப்பா பெல்ட்டில் கை வைத்துக்கொண்டு நின்றார். வாயில் வந்ததைச் சொன்னேன். உண்மையைச் சொன்னால், கால் எதில் இருந்தது என்று எனக்கே நினைவில்லை. நிஜமாகவே பிரேக் பிடிக்காமல் இருந்திருக்கலாம், யார் கண்டது. நீயும் அப்போது கற்றுக்கொண்டிருந்தவள்தானே.

அப்பா எல்லாவற்றையும் மறந்துவிட்டார். ட்ராக் டேக்கு ஐந்து வாரம் இருக்கும்போது அதைக் கிளறினால் ஸ்கூல், பலகை எல்லாம் தள்ளிப்போகும். அவருடைய குணம் உனக்குத் தெரியும். ஒரு விதத்தில் நல்லதுதானே நடந்திருக்கிறது? கிரீஸும் கையுமாக நின்ற நீ, இப்போது ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கிறாய்.

டீ நிறத்துக்கு மட்டும் ஒரு வரி போடு. ஹெல்மெட் வந்துவிட்டது. போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தால் தலை பூசணிக்காய் மாதிரி இருக்கிறது. அப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உன் தம்பி


மார்ச் 27 (அனுப்பாத கடிதம்)

டேய்,

சுகமா, துக்கமா, அதெல்லாம் அப்புறம். முதலில் இதைப் படி.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். உன் டப்பாவில் இருப்பது நான் ஊற்றியது. ஏழு வருஷமாகத் தார்ப்பாய்க்கு அடியில் குடித்துக்கொண்டிருக்கிறது. டீ நிறம் அதுதான். அளவு சரியாகத்தான் இருக்கும். தெருவில் ஓட்டும்போது எதுவும் தெரியாது. தடத்தில் சுற்றுக்குச் சுற்று அழுத்தி மிதிப்பாய், சக்கரம் தகிக்கும், அந்தச் சூட்டில் உள்ளே ஆயில் கொதித்துக் குமிழி விடும். அப்போது நீ மிதிப்பது குமிழியைத்தான். பெடல் தரை வரை போகும். வண்டி நிற்காது.

அரை மணியில் ஆறிவிடும். ஆறியதும் பெடல் மறுபடி கல் மாதிரி நிற்கும். என்ன நடந்தது என்று சொன்னாலும் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

ஒரு புட்டி புது ஆயில். பழையதை நான்கு சக்கரத்திலும் முழுக்க வெளியே எடுத்துவிட்டு ஊற்று. பட்டறைக்காரருக்கு ஒரு மணி நேர வேலை. இதைச் செய்யாமல் வீட்டு வாசலைத் தாண்டாதே.

எழுதிவிட்டேன். தபால்தலை ஒட்டி, உன் கடிதத்தை ஒருதரம் மறுபடி எடுத்துப் பார்த்தேன். முகவரியைச் சரிபார்க்கத்தான்.

யார் கண்டது என்று எழுதியிருக்கிறாய்.


மார்ச் 28

தம்பிக்கு,

எனக்கு ஒன்றுமில்லை. அப்பா மாடி ஏறுவது கேட்டு மகிழ்ச்சி.

வீல் நட்டுகளைக் கிளம்பும் முன் ஒருதரம், முதல் ஓட்டம் முடிந்ததும் ஒருதரம் இறுக்கு. ஹெல்மெட் வாரில் இரண்டு விரல் நுழையும் அளவு இடம் விடு. மதியம் குறைவாகச் சாப்பிடு. தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடி. கதவில் எண் ஒட்டச் சொல்வார்கள். வெள்ளை டேப் போதும், பெயிண்டை உரிக்காது.

நாலாவது கேள்வி: அளவு சரியாக இருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய்.

பத்திரமாகப் போய் வா.

அக்கா


மே 4

அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்டுவிட்டேன்.

படுக்கையிலிருந்து எழுதுகிறேன். வலது கணுக்கால் மூன்றாக உடைந்திருக்கிறது. ஒரு தகடு, எட்டுத் திருகு. மாடிப்படியெல்லாம் இனி சந்தேகம்தான் என்கிறார் டாக்டர்.

காலையில் எல்லாம் அருமையாக இருந்தது. நீ சொன்ன மாதிரியே வேடிக்கை பார்க்க வந்தவனாக மூன்று சுற்று. பிறகு வண்டி என்னிடம் பேச ஆரம்பித்தது. பதினோரு மணிக்கு ஒரு வெள்ளை வண்டியைத் தாண்டினேன், அப்பாவின் மாணவர்கள் வேலியில் ஏறிக் கத்தினார்கள். மதியம் மூன்றாவது ஓட்டம். ஏழாவது சுற்று. நேர்ப்பாதையின் முடிவில் இடதுபக்க வளைவு. மிதித்தேன். பெடல் காற்றில் இறங்குவது போல இறங்கியது. மறுபடி மிதித்தேன். தரை. சுவரைப் பார்க்காதே என்று நீ எழுதியது அப்போதும் ஞாபகம் இருந்தது. பார்த்துவிட்டேன்.

கதவை வெட்டித்தான் என்னை வெளியே எடுத்தார்கள். அதற்குள் அரை மணி ஆகிவிட்டது. தடத்து ஆள் ஒருவர் கையை விட்டுப் பெடலை அழுத்தினார். கல். "தம்பி, இங்க மோதுற எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க." அப்பா குனிந்து தானே அழுத்திப் பார்த்தார். மூன்று தரம். "நீ மிதிக்கலடா. பயந்துட்ட." ஆறு மாணவர்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

மறுநாளே வண்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார். என்னைப் பார்க்க வந்த பட்டறைக்காரர் மட்டும், "ஆயில் ரொம்பப் பழசா இருந்தா கொதிச்சிருக்கலாம். எத்தனை வருஷத்துதுன்னு ஊத்துனவளுக்குத்தான் தெரியும்" என்றார். அப்பா காதில் வாங்கவில்லை. பலகை எழுதும் ஆளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "வளைவுல பயந்து பிரேக்கை மறக்கறவனைப் பக்கத்து சீட்ல உட்கார வெச்சு, பிள்ளைங்க உசிரை நான் பணயம் வைக்கணுமா?" ஸ்கூலை யாருக்கோ கொடுத்துவிடப் போகிறார்.

உன் கடிதங்களை மறுபடி படித்தேன். ஷெட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லி, ஒவ்வொரு வரியாக. பிரேக் என்ற சொல்லையே நீ ஓரிடத்திலும் எழுதவில்லை. தெரிந்தேதான் விட்டாயா?

வேண்டாம், அதற்குப் பதில் வேண்டாம். அப்பாவுக்கு ஒரு வரி எழுதிப் போடு. ஏழு வருஷத்து ஆயில், கொதித்திருக்கும் என்று ஒரே வரி. நீ சொன்னால்தான் உண்டு.

தம்பி


மே 16

தம்பிக்கு,

காலைத் தலையணை வைத்து உயர்த்தி வை, வீக்கம் வற்றும். எட்டுத் திருகு என்று எழுதியிருந்தாய். எண்ணித்தான் போட்டிருப்பார்கள்.

தண்ணீர்த் தொட்டிச் சுவரைப் பற்றி அப்பாவிடம் சொல். முழுதாக. அதன் பிறகு அவர் என்னைக் கேட்டால், பதில் சொல்கிறேன்.

அக்கா


ஜூன் 1

அக்கா,

கட்டு பிரித்துவிட்டார்கள். கம்பு ஊன்றி நடக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

சொல்லிவிட்டேன். சாப்பிடும்போது. அன்றைக்கு பிரேக் நன்றாகத்தான் இருந்தது, நண்பன் ஒருவனைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே போனேன், சுவர் வந்துவிட்டது, பயத்தில் உன் தலையில் போட்டேன் என்று எல்லாவற்றையும். நினைவில்லை என்று உனக்கு எழுதியது பொய். நன்றாக நினைவிருக்கிறது. அவன் பதிலுக்குக் கையசைத்ததுகூட.

அப்பா தட்டை நகர்த்தி வைத்தார்.

"அப்ப அன்னிக்கு பிரேக் புடிச்சுது."

"ஆமாப்பா."

"ட்ராக்லயும் புடிச்சுது."

"இல்லப்பா, இந்தத் தடவை நிஜமாவே..."

"ஏழு வருஷம் கழிச்சு அதே பொய்யை மறுபடி சொல்றியேடா. புதுசா ஒண்ணு யோசிக்கக்கூட முடியலியா உனக்கு?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. முன்பு பயந்தாங்கொள்ளி என்று மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது பொய்யன் என்றும் ஆயிற்று. நான் அவரிடம் சொன்னால் என்ன ஆகும் என்று உனக்கு முன்பே தெரியும், இல்லையா?

அன்று முழுக்கக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதி ராத்திரி வரை அடித்து அடித்து எழுதினார். உனக்குத்தான். காலையில் தபாலில் போட்டுவிட்டார். என்ன எழுதினார் என்று தெரியாது. என்ன கேட்டிருந்தாலும் உண்மையைச் சொல். இருபத்தாறு வயசில் எனக்கு வேறு தொழில் தெரியாதக்கா. கேட்டதைச் செய்துவிட்டேன்.

தம்பி


ஜூன் 30

அன்புள்ள தம்பிக்கு,

நான் மிகவும் நன்றாக இருக்கிறேன். கம்பை இடது கையில் பிடித்து நட, வலது காலுக்கு அதுதான் சுலபம்.

அப்பாவின் கடிதம் வந்தது. நான்கு பக்கம். மூன்றரைப் பக்கம் என்னிடம் மன்னிப்புக் கேட்டிருந்தார். அதை உனக்குச் சொல்லப் போவதில்லை. கடைசியில் உன்னைப் பற்றி ஒரு கேள்வி. அப்படியே எழுதுகிறேன்: "அந்த வண்டியை உன்னைவிடத் தெரிந்தவர் இல்லை. பிரேக்கில் குறை இருந்ததா? அன்று உன்னைக் கேட்காமல் விட்டேன். இன்று நீ எது சொன்னாலும் நம்புவேன். உன் தம்பியின் வாழ்க்கை அதில் இருக்கிறது."

நீ கேட்டபடி அவருக்கு ஒரே வரியில் பதில் போட்டேன். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்று.

நேற்று அவரிடமிருந்து பதில் வந்தது. நம்பிவிட்டார். என் அறையிலிருந்து பழைய டயர்களை எடுத்து வெளியே போடச் சொல்லியிருக்கிறாராம்.

மழைக்காலம் வருகிறது, திருகு போட்ட இடம் வலிக்கும். வெந்நீர் ஒத்தடம் கொடு. வேறு கேள்வி இருந்தால் எழுது. பதில் போடுகிறேன்.

உன் அக்கா